ஆசான் யார்?

நமது ஜில்லாவின் மேலைக் கடற்கரையில், நீரோடி முதல் இரையுமன்துறை வரையில் வரிசையாக நிற்கும் எட்டு மீன்பிடி ஊர்களில், எந்தத் தேநீர்க் கடையில் போய் உட்கார்ந்தாலும் ஒரு விவாதம் காதில் விழும். சுறா வேட்டைக்காக ஆழ்கடலுக்குச் சென்று வாரக்கணக்கில் கரை காணாத மனிதர், கரை சேர்ந்ததும் முதலில் விசாரிப்பது மீன் விலையை; அடுத்தபடியாக விசாரிப்பது, கால்பந்துக் கட்சிக்கு எவன் ஆசானாக வந்திருக்கிறான் என்பதை. மேற்கே போகப் போகக் கொச்சியின் மஞ்சள் சட்டைக் கழகத்துக்கு அபிமானிகள் அதிகம். கிழக்கே வரவரச் சென்னையின் நீலச் சட்டைக்கு அதிகம். தேசத்தின் அணி ஆடும்போது மட்டும் இரு திறத்தாரும் ஒரு பெஞ்சில் உட்காருகிறார்கள். உட்கார்ந்து, முன்னைவிட உரக்கச் சண்டையிடுகிறார்கள்.

நாஞ்சில் நாட்டு வயற்புறத்தில் வளர்ந்த நமக்கு, பந்தாட்டத்தைப் பற்றிக் கடற்கரையாருக்குப் போதிக்கும் தகுதி கிடையாது. ஆயினும் வாதப் பிரதிவாதங்களைக் கேட்டு எடைபோடுவது நமது தொழிலாக இருந்து வந்திருக்கிறது. இந்த விவகாரத்தில் இரு கட்சியாரும் சாட்சியத்தைப் பாதியளவுதான் வாசித்திருக்கிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

‘கோச்’ என்று வாலிபர்கள் சொல்லுகிறார்கள். நாம் ஆசான் என்றே எழுதப் போகிறோம். அடிமுறையும் வர்மமும் சொல்லிக் கொடுப்பவருக்கு இந்த ஜில்லாவில் அதுதான் பெயர். ஆசானிடம் போன பையன் ஆறு மாதத்தில் அடவு தவறினான் என்பதற்காக ஆசானை மாற்றிய தகப்பனை நாம் கண்டதில்லை.

விவகாரத்துக்கு வருவோம். 2025-ஆம் வருஷம் ஜூலை 2-ஆம் தேதி, ஸ்பெயின் தேசத்தவரான மனோலோ மார்க்கெஸ் இந்திய அணியின் ஆசான் பதவியிலிருந்து விலகினார். அவர் காலத்தில் நம் அணி 8 ஆட்டங்கள் ஆடி, ஒன்றில் வென்று, நான்கைச் சரிசமமாக முடித்து, மூன்றில் தோற்றது. வென்றதும் மாலத்தீவை! அந்த ஒரு வருஷத்தில் அவர் கோவாக் கழகத்துக்கும் ஆசானாக இருந்தார் என்பதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரே காலை வேளையில் இரண்டு கோர்ட்டுகளில் கேஸ் வைத்துக்கொண்டு ஓடும் வக்கீலின் கட்சிக்காரருக்கு என்ன கதி நேரும் என்பதை நாகர்கோவில் கோர்ட்டு வாசலில் நிற்கும் எவரும் சொல்லுவார். அப்படியோர் ஏற்பாட்டுக்கு இணங்கியது அவர் மட்டுமன்று. அகில இந்தியக் கால்பந்துச் சம்மேளனமும் இணங்கித்தான் நியமித்தது.

பதவி காலியானதும் 170 விண்ணப்பங்கள் வந்தன. உலகப் புகழ் பெற்ற பெப் குவார்டியோலாவின் பெயராலும் சாவியின் பெயராலும் வந்த கடிதங்கள் அவற்றில் இருந்தனவென்று செய்தி பரவி, ஒரு நாள் முழுவதும் தேசமே வாயைப் பிளந்தது. பிறகு அவை போலி என்று சம்மேளனமே அறிவித்தது. எந்தக் குறும்பனோ செய்த வேலை. நாம் சிரித்துவிட்டோம். ஆனால் மனுச் செய்தவன் யார் என்று விசாரித்தறியும் முன்னரே மனுவின் பிரஸ்தாபம் வெளியே வருகிற காரியாலயத்தின் ஒழுங்கைப் பற்றிச் சிரிப்பதற்கு இடமில்லை.

இறுதியில் மூவர் பெயர் நின்றது. முன்பு இரண்டு முறை இந்திய அணியை நடத்திய ஆங்கிலேயர் ஸ்டீபன் கான்ஸ்டன்டைன். ஸ்லோவாக்கியா தேசத்தவரான ஸ்டெஃபான் டார்க்கோவிச். நம்மவரான காலித் ஜமீல். ஆகஸ்டு 1-ஆம் தேதி ஜமீல் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2011-12-இல் சாவியோ மெதெய்ராவுக்குப் பிறகு இந்தியர் ஒருவர் அந்த ஸ்தானத்தில் அமர்ந்தது அப்போதுதான். அன்று கடைத்தெருக்களில் இரண்டு கோஷங்கள் எழுந்தன. ‘நம் ஆளுக்குத்தான் நம் பையன்களைத் தெரியும்’ என்பது ஒன்று. ‘வெளியூர்க்காரன் இல்லாமல் இந்தப் பயல்கள் உருப்படமாட்டார்கள்’ என்பது மற்றொன்று.

முதற் கோஷம் நமக்கு இனிமையாக இருக்கிறது. சுதேசியம் பேசுகிற பத்திரிகைக்கு அது இனிக்காமல் என்ன செய்யும்? ஆனால் சாட்சியம் இனிமையைப் பார்ப்பதில்லை. ஆசியக் கோப்பையின் முக்கியப் போட்டிக்கு இந்தியா இதுகாறும் ஐந்து முறை சென்றிருக்கிறது: 1964, 1984, 2011, 2019, 2023-க்குரிய போட்டி. ஐந்து முறையும் ஆசானாக இருந்தவர் அன்னியரே. ஹாரி ரைட், மிலோவான் சிரிச், பாப் ஹூட்டன், கான்ஸ்டன்டைன், ஈகோர் ஸ்டிமாச். 1964-இல் ரைட்டின் கீழ் நாம் இரண்டாமிடமும் பெற்றோம். 2014-இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக்கிலும் 2025 வரையில் கோப்பை வென்ற ஆசான்கள் யாவரும் பிற தேசத்தவர்களே. இதை மறைத்துவிட்டுச் சுதேசி ஆசானுக்காக வாதாடுவது வக்கீல் தர்மமன்று.

இரண்டாவது கோஷத்தாரும் துள்ள வேண்டாம். 1930 முதல் 2022 வரையில் நடந்த 22 உலகக் கோப்பைப் போட்டிகளிலும், வென்ற தேசத்தின் ஆசான் அந்தத் தேசத்தவராகவே இருந்திருக்கிறார். ஒரு விலக்குக்கூட இல்லை. மறுபுறம், பந்தாட்டத்தை உலகுக்குக் கற்பித்ததாகப் பெருமை பேசும் ஆங்கிலேயரே, 2024-இல் ஜெர்மானியரான தாமஸ் டூகெலைத் தங்கள் அணிக்கு ஆசானாக அமர்த்திக்கொண்டார்கள். அவர்களுடைய அரசும் மானமும் அதனால் கவிழ்ந்துவிடவில்லை. வித்தைக்கு ஜாதியும் இல்லை, பாஸ்போர்ட்டும் இல்லை. வெள்ளைத்தோல் கண்டதும் எழுந்து நிற்கும் வழக்கம் எவ்வளவு இழிவானதோ, அவ்வளவு பேதைமையானது ‘நம் ஆள்’ என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனைத் தோளில் தூக்குவதும். இரண்டிலும் மனிதனுடைய வேலையைப் பார்க்கிற கண் மூடப்பட்டிருக்கிறது.

வேலையைப் பார்ப்பது எப்படி? அதற்கு ஓர் உதாரணம் நம் தேசத்திலேயே இருக்கிறது. கூட்டங்களில் அவர் பெயரைச் சொல்லுகிறவர்கள் பலர். அவர் சரித்திரத்தை முழுவதும் அறிந்தவர்கள் சிலர்.

ஹைதராபாத்தில் பள்ளி உபாத்தியாயராக இருந்தவர் சையது அப்துல் ரஹீம். 1951-இல் டில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டுப் பந்தயத்தில் அவருடைய அணி தங்கப் பதக்கம் பெற்றது. மறு வருஷம் அதே ஆசான் ஹெல்சிங்கிக்கு ஒலிம்பிக் அணியை அழைத்துச் சென்றார். அங்கே யூகோஸ்லாவியா நமக்கு 10 கோல் போட்டது. நாம் போட்டது ஒன்று. நம் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் அன்றும் வெறுங்காலோடு ஆடினார்கள். இன்றைய ரசிகர்களின் தராசில் வைத்தால், ரஹீம் கப்பலேறுவதற்கு முன்னரே அவர் உத்தியோகம் போயிருக்கும். பத்துக் கோல் வாங்கியவனை வைத்துக்கொள்ளலாமா என்று நாமே தலையங்கம் எழுதியிருப்போமோ என்னவோ!

ரஹீமின் சரித்திரம் அங்கே முடிந்துவிடவில்லை. இடையிடையே வேறு ஆசான்கள் பொறுப்பேற்றதுண்டு. ஆனால் அவர் திரும்பத் திரும்ப அழைக்கப்பட்டார். 1956-இல் மெல்போர்னில் அவருடைய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று, நெவில் டிசூசாவின் மூன்று கோல்களைக் கண்டு, ஒலிம்பிக்கில் நான்காமிடம் பெற்றது. 1960-இல் ரோமாபுரியில் பிரான்ஸோடு 1-1 என்று சரிசமமாக நின்றது. அங்கே பெருவுக்கு எதிராக சைமன் சுந்தரராஜ் போட்ட கோல்தான் ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா இதுவரையில் போட்ட கடைசிக் கோல். 1962 செப்டம்பர் 4-ஆம் தேதி ஜகார்த்தாவில், நம்மை வெறுத்துக் கூச்சலிட்ட பெருங்கூட்டத்தின் நடுவே, பி. கே. பானர்ஜியும் ஜர்னைல் சிங்கும் கோல் போட, தென் கொரியாவை 2-1 என்று வென்று மீண்டும் ஆசியத் தங்கம். அடுத்த வருஷம் ஜூன் மாதம் ரஹீம் புற்றுநோயினால் காலமானார். ஹெல்சிங்கியின் பத்துக் கோலுக்கும் ஜகார்த்தாவின் தங்கத்துக்கும் இடையில் பத்து வருஷங்கள். அந்தப் பத்து வருஷங்களை அவருக்கு யாரும் மறுக்கவில்லை என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். 1964-இல் ஹாரி ரைட் இரண்டாமிடம் பெற்றதும் பெரும்பாலும் ரஹீம் வளர்த்த தலைமுறையைக் கொண்டுதான் என்பதை, அன்னிய ஆசான் கட்சியாரின் காதில் மெதுவாகப் போட்டு வைக்கிறோம்.

ஆங்கிலேயர் கதையும் ஒன்று உண்டு. அலெக்ஸ் ஃபெர்குசன் 1986-இல் மான்செஸ்டர் யுனைடெட் கழகத்துக்கு ஆசானானார். முதற் கோப்பை கிடைத்தது 1990-இல். லீக் பட்டம் 1993-இல். இடையில் அவரை விரட்ட வேண்டுமென்று அவருடைய சொந்த ரசிகர்களே கத்தியிருக்கிறார்கள்.

அதற்காக எந்த ஆசானையும் பத்து வருஷம் வைத்துக்கொள் என்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் அது சோம்பேறித்தனத்துக்கு வக்காலத்து வாங்குவதாகும். நாம் சொல்ல வருவது வேறு. ரஹீமை ஏன் மீண்டும் அழைத்தார்கள் என்பது கண்ணுக்குத் தெரிந்தது: பையன்கள் ஓடின விதத்திலும், பந்தைக் கொடுத்து வாங்கின முறையிலும் தெரிந்தது. இன்று ஓர் ஆசானை ஏன் வைத்தார்கள், ஏன் நீக்கினார்கள் என்பது யாருக்குத் தெரிகிறது?

ஸ்டிமாச் விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குரோஷியா தேசத்தவரான அவர் 2019-இல் வந்தார். தெற்காசியக் கோப்பையை 2021-இலும் 2023-இலும் வென்று தந்தார். 2023-இல் அவருடைய ஒப்பந்தம் 2026 வரையில் நீட்டிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் ஆசியக் கோப்பையில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. ஒரு கோல்கூட இல்லை. மார்ச்சில் கௌஹாத்தியில் ஆப்கானிஸ்தானிடம் 2-1 என்று தோல்வி. ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றிலிருந்து வெளியேறினோம். அந்த மாதம் 17-ஆம் தேதி அவர் நீக்கப்பட்டார். நீக்கியது சரியா தவறா என்பதல்ல நமது கேள்வி. இன்ன இலக்கை எட்டாவிட்டால் இன்ன முறையில் பிரியலாம் என்று தெளிவாக எழுதப்பட்ட ஒப்பந்தம் இருந்திருந்தால், அதன் பிறகு நடந்த வழக்காடல் நடந்திராது. பத்திரிகைகளில் வெளியான செய்திப்படி, 4 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள். மீன்பாடு இல்லாத மாதத்தில் ஒரு விசைப்படகு உரிமையாளர் தொழிலாளியைக் கூட்டிச் செல்வதற்குக்கூடப் பங்கு இன்னதென்று முன்கூட்டிப் பேசிக்கொள்ளுகிறார். தேசத்தின் பணத்தைச் செலவு செய்கிற ஸ்தாபனம் அவ்வளவாவது பேச வேண்டாமா?

ஜமீல் விஷயத்திலும் இதே இருள்தான். அவர் ஒன்றும் தயவினால் வந்தவரல்லர். 2016-17-இல் மிஜோரம் மலைகளின் சிறிய கழகமான ஐஸ்வாலை, அதற்கு முந்தைய வருஷம் லீக்கிலிருந்தே இறக்கப்பட்டுப் பின்னர் சேர்த்துக்கொள்ளப்பட்ட ஒரு கழகத்தை, ஐ-லீக் பட்டத்துக்குக் கொண்டு சென்றவர். சூப்பர் லீக்கில் நிரந்தர ஆசானாக அமர்த்தப்பட்ட முதல் இந்தியர். பொறுப்பேற்ற ஒரு மாதத்துக்குள் மத்திய ஆசியப் போட்டியில் தஜிகிஸ்தானை வென்று, ஓமானை பெனால்டி உதைகளில் வீழ்த்தி மூன்றாமிடம் பெற்றார். தேநீர்க் கடைகளில் ‘நம் ஆள்’ கட்சி வானளாவ எழுந்தது. அக்டோபர் 14-ஆம் தேதி கோவாவில் சிங்கப்பூரிடம் 1-2 என்று தோற்று, ஆசியக் கோப்பைக்குப் போகும் வழி அடைபட்டது. நவம்பர் 18-ஆம் தேதி டாக்காவில் வங்கதேசத்திடம் தோல்வி. 22 வருஷங்களில் முதல் முறை. அதே கடைகளில், அதே வாய்கள், அதே மனிதரை நீக்கச் சொல்லின. ஆகஸ்டில் அவருக்கு இடப்பட்ட வேலை என்ன? ஆசியக் கோப்பைக்குப் போவதா, வாலிபர்களைச் சேர்த்துப் புதிய அணி கட்டுவதா? முதலாவதாயின் அவர் தவறிவிட்டார். இரண்டாவதாயின் மூன்று மாதத்தில் தீர்ப்புச் சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. எது என்று ரசிகருக்குச் சொல்லியவர் இல்லை. ஆகவே ஒவ்வொருவரும் தத்தம் மனத்திலுள்ள குற்றப்பத்திரிகையைத் தாமே எழுதித் தாமே வாசிக்கிறார்கள்.

கழகங்களின் கதையும் இதற்கு மேலானதன்று. கொச்சிக் கழகம் ஸ்வீடன் தேசத்தவரான மிக்கேல் ஸ்டாரேயை 2024 மே மாதத்தில் நியமித்து டிசம்பரில் அனுப்பிவிட்டது. சென்னையின் கழகம் 2015-இலும் 2018-இலும் கோப்பை வென்றது. மாட்டெராஸ்ஸி, ஜான் கிரிகரி என்ற இருவரும் தலா மூன்று பருவங்கள் அளவில் இருந்த காலத்தில் கிடைத்த வெற்றிகள் அவை. அதன் பின் ஹங்கேரியர், மாண்டிநீக்ரோக்காரர், ஜெர்மானியர் என்று ஆண்டுக்கு ஓர் ஆளாக வந்து போனார்கள். ஸ்காட்லாந்தின் ஓவன் கோயில் ஒரு முறை வந்து போய், மறுபடியும் வந்தார். 2025-இல் கோவாவைச் சேர்ந்த கிளிஃபோர்டு மிராண்டா நியமனம் பெற்றார். ஒடிசாக் கழகத்தின் தற்காலிக ஆசானாக இருந்துகொண்டே 2023-இல் சூப்பர் கோப்பையை வென்றவர் அவர். தற்காலிகம் என்ற சொல்லோடு ஒரு கோப்பையை வென்றவனுக்கு நிரந்தரம் என்ற சொல் கிடைப்பதற்குள் எவ்வளவு சுற்று! இதே சென்னைக் கழகத்தில் சையது சபீர் பாஷா தற்காலிகமாகப் பொறுப்பேற்று நின்றதையும், பிறகு வேறொருவர் வந்ததையும் பார்த்திருக்கிறோம். இந்தியனுக்கு ‘தற்காலிகம்’, அன்னியனுக்கு ‘திட்டம்’ என்று ஒரு பாகுபாடு பழக்கத்தில் ஊறிவிட்டது. இதைத்தான் எதிர்க்க வேண்டும், அன்னியனை அன்று.

இதையும் சொல்லிவிட வேண்டும். மார்க்கெஸ் விலகிய மூன்றாம் நாள், 2025 ஜூலை 5-ஆம் தேதி, சியாங்மாய் நகரில் நம் பெண்கள் அணி தாய்லாந்தை அதன் சொந்த மண்ணில் 2-1 என்று வென்று ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இரண்டு கோல்களும் சங்கீதா பாஸ்ஃபோர் போட்டவை. அப்போது அவர்களுக்கு ஆசானாக இருந்தவர் கிரிஸ்பின் சேத்ரி என்ற இந்தியர். ஆண்கள் அணிக்கு யார் என்று அந்த வாரம் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்த நம்மில் எத்தனை பேர் அந்த ஆட்டத்தைப் பார்த்தோம்? நாமும் மறுநாள்தான் செய்தியில் படித்தோம்.

இனி, கடற்கரைக்குத் திரும்புவோம். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ், மணலில் பந்து உதைத்து, சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், கொல்கத்தாக் கழகங்கள் வரை சென்று, 2019-இல் தேசத்தின் சட்டையையும் அணிந்தார். 2020-ஆம் வருஷ லீக்கின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். அவருடைய அண்டை ஊர்களிலிருந்து சந்தோஷ் கோப்பைக்கு ஆடப் போனவர்கள் பலர். இந்தப் பையன்களின் முதல் ஆசான் யார்? ஸ்பெயின்காரரும் அல்லர், ஜமீலும் அல்லர். காலையில் கடலுக்குப் போய்விட்டு மாலையில் விசில் எடுத்துக்கொண்டு கரைக்கு வரும் ஒரு பழைய ஆட்டக்காரர். ஊர்ச் சங்கம் வாங்கிக் கொடுக்கும் பந்துதான் அவருக்கு மூலதனம். சம்பளம் என்று ஒன்று இல்லை. 2017 நவம்பர் 30-ஆம் தேதியின் ஒக்கிப் புயலில் இந்த ஊர்கள் இழந்த உயிர்களை ஜில்லா மறக்காது. அதன் பின்னரும் மாலைப் பந்து நின்றுவிடவில்லை.

2017 ஜூலையில் உலக வரிசையில் நாம் 96-ஆம் இடத்தில் இருந்தோம். 2025 ஜூலையில் 133. இந்த வீழ்ச்சிக்கு ஓர் ஆசானைப் பொறுப்பாளியாக்குவது சுலபம்; அந்த எட்டு வருஷங்களில் கான்ஸ்டன்டைன், ஸ்டிமாச், மார்க்கெஸ் என்று மூவர் மாறினார்கள் என்பதே அவ்வாதத்துக்குப் பதில். பத்து வயதில் பந்தை நிறுத்தக் கற்காத பையனுக்கு இருபத்து நான்காம் வயதில் குவார்டியோலாவே நேரில் வந்தாலும் பத்து நாள் முகாமில் என்ன கற்றுக் கொடுத்துவிட முடியும்?

ஆகவே தேநீர்க் கடை அன்பர்களுக்கு நாம் கேட்டுக்கொள்ளுவது, விவாதத்தை நிறுத்துங்கள் என்பதன்று. நன்றாக விவாதியுங்கள், சீட்டு வாங்கி ஆட்டம் பார்க்கிறவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் ‘யார்’ என்ற கேள்வியோடு ‘என்ன வேலைக்கு, எத்தனை காலத்துக்கு, என்ன காரணத்தால்’ என்பவற்றையும் சேர்த்துக் கேளுங்கள். முன்சீப் கோர்ட்டு நீதிபதி ஐந்து சென்ட் நிலத்தகராறில் தீர்ப்புச் சொன்னாலும் காரணம் எழுதிக் கையெழுத்திட வேண்டியிருக்கிறது. காரணமில்லாத தீர்ப்பை அப்பீலில் ஒரே வரியில் தள்ளிவிடுவார்கள். சம்மேளனம் ஓர் ஆசானை நியமிக்கும்போதும் நீக்கும்போதும் காரணத்தை எழுதி வெளியிடுவதில் என்ன சிரமம்? 170 பேரில் மூவரைப் பொறுக்கினது எந்த அளவுகோலால்? மூவரில் ஒருவரைத் தேர்ந்தெடுத்தது எதனால்? அவருக்கு இட்ட இலக்கு எது? இவற்றை ஒரு பக்கத்தில் அச்சிடலாம். சுதேசியானாலும் அன்னியரானாலும் அதே ஒரு பக்கத்தை வைத்து அவரை நாம் விசாரிக்கலாம்.

நமது ஜில்லா விளையாட்டு அதிகாரிகளுக்கும் ஒரு விண்ணப்பம். நீரோடி முதல் இரையுமன்துறை வரையில் எட்டு ஊர்களிலும் சிறுவர்களுக்குப் பந்து கற்பிக்கும் ஆசான்கள் எத்தனை பேர், அவர்களில் அங்கீகாரப் பயிற்சிச் சான்று பெற்றவர் எத்தனை பேர், சர்க்கார் ஊதியம் பெறுகிறவர் ஒருவராவது உண்டா என்னும் விவரத்தை வெளியிடுவார்களாயின், அதை இதே பக்கத்தில் பிரசுரிக்கச் சித்தமாயிருக்கிறோம். சான்றுப் பரீட்சைக்குச் செல்லும் கடற்கரை வாலிபர்களின் கட்டணத்தை ஏற்க முன்வரும் வணிகர்கள் எவரேனும் இருந்தால், கடிதம் எழுதலாம்.